நைனா சொன்னது நடை, அவர்கள் எழுதியது வேலை

1

போன செவ்வாய்க்கிழமை ஆய்வகத்திலிருந்து வீட்டுக்கு வந்தபோது, கதவுக்கு உள்பக்கம் கால்மிதிமேல் தடித்த பழுப்பு உறை ஒன்று கிடந்தது. எட்டு மாதமாகக் கடிதத்துக்குமேல் கடிதம் எழுதி நான் கேட்டு வாங்கியது. என்னைப் பார்க்க என் அப்பா இங்கிலாந்துக்கு வந்தபோது, விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி ஒருவர் அவரை ஆறு மணி நேரம் உட்காரவைத்து விசாரித்தார். அந்த விசாரணையின் பதிவு உள்ளே இருந்தது. நான்கு பக்கம். கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தேன். இரண்டாம் பக்கத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்.

"பயணி தினமும் காலை ஒரு மணி நேரமும் மாலை ஒரு மணி நேரமும் வேலை செய்யப்போவதாகக் கூறுகிறார். இடம்: மகள் வீட்டருகே உள்ள பூங்கா. ஊதியம் இல்லை என்கிறார். இந்தியாவில் உள்ள இதய மருத்துவர் அவரைக் கட்டாயம் வேலை செய்யச் சொல்லியிருப்பதாகக் கூறுகிறார். பயணியின் பெட்டியில் வேலைக்கான புதிய காலணி ஒரு ஜோடி உள்ளது."

கீழே ஒரு கையெழுத்து. அதற்கும் கீழே, அதைச் சரிபார்த்த மேலதிகாரியின் கையெழுத்து.

மூன்று தடவை படித்தேன். அறுபத்தேழு வயது மனிதர். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர். அவரைப் பார்த்து ஒரு இதய மருத்துவர், "நீ கடல் தாண்டிப் போய் ஒரு பூங்காவில் சம்பளமில்லாமல் தினம் இரண்டு மணி நேரம் வேலை செய்" என்று சொன்னாராம். ஒருவர் அதைத் தட்டச்சு செய்திருக்கிறார், இன்னொருவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இரண்டு பேரில் ஒருவருக்குக்கூட, "இதென்ன கூத்து?" என்று தோன்றவில்லை.

இந்த நாட்டுக்கு வந்து பதினான்கு வருஷமாகிறது. குளிரைப் பற்றியும் பிள்ளை வளர்ப்பைப் பற்றியும் ஊர்க்காரர்களுக்கு எவ்வளவோ எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை கோபத்தோடு எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

என் அப்பா பெயர் முனிரத்தினம். எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். பூர்வீகம் நகரி பக்கம். கல்யாணத்துக்குப் பிறகு சித்தூருக்கு வந்து, மாங்கூழ் தொழிற்சாலை ஒன்றில் பாய்லர் ஆபரேட்டராக முப்பத்தோரு வருஷம் இருந்தார். வீட்டில் தமிழ், தொழிலாளர்களோடு தெலுங்கு, பாய்லர் பக்கத்துப் பதிவேட்டில் ஆங்கிலம். அவருடைய ஆங்கிலம் அந்தப் பதிவேட்டில் கற்றுக்கொண்டது. எல்லாம் பெரிய எழுத்தில், ஒவ்வொன்றும் அச்சடித்ததுபோல எழுதுவார். ஒரு சொல்லில் எத்தனை எழுத்து இருக்கிறதோ அத்தனையும் வாயில் கேட்கும். "வால்வ்" என்றால் கடைசி "வ்"வரைக்கும் வரும்.

ஓய்வு பெற்ற மறு வருஷம் நெஞ்சு வலி வந்தது. வேலூருக்கு அழைத்துப் போய் ஸ்டென்ட் வைத்தோம். டாக்டர் சொன்ன மற்றதெல்லாம் மறந்துபோனாலும் ஒன்றை மட்டும் அவர் விடவில்லை. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் நடை. சித்தூர் காலேஜ் மைதானத்தில் அவரோடு நடக்கிறவர்கள் ஏழெட்டு பேர். ஓய்வு பெற்ற வாத்தியார், கோழிக்கடைக்காரர், ஆர்டிசி பஸ் டிரைவர் என்று எல்லா வகையும் உண்டு. யாராவது ஒருநாள் வராவிட்டால் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டுவார்கள். அந்த நடைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "வாக்". "வாக்குக்குப் போய்க்கினு கீறேன்" என்பார் போனில். ஊரில் எல்லாருமே அப்படித்தான் சொல்கிறார்கள். தமிழும் சரி, தெலுங்கும் சரி, அந்தச் சொல்லை இப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கின்றன.

அம்மாவுக்கு விமானம் என்றாலே பயம். அக்கா வீட்டில் இருந்துகொள்கிறேன், நீ போய்ப் பேத்தியைப் பார்த்துவிட்டு வா என்று நைனாவை மட்டும் அனுப்பினாள். திருப்பதியில் ஒரு ஏஜென்ட் விசா வேலையெல்லாம் பார்த்துக் கொடுத்தார். கிளம்பும்போது அவர் ஒரே ஒரு புத்தி சொன்னாராம். "ஏர்போர்ட்ல கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, பயப்படாம நிஜத்தச் சொல்லுங்க." நைனா அதைத்தான் செய்தார். நிஜத்தை மட்டும் சொன்னார்.

3

இங்கே இருப்பவர்கள் "வொர்க்" என்ற சொல்லை முழுசாகச் சொல்வதில்லை. நடுவில் இருக்கும் ஆர் எழுத்தை அப்படியே விழுங்கிவிடுவார்கள். மீதி இருப்பது "வாக்"குக்கும் "வக்"குக்கும் நடுவில் ஒரு சத்தம். நடப்பதற்கான சொல்லையோ "வோக்" என்று வாயைக் குவித்துச் சொல்வார்கள். அதாவது, நம் ஊர் "நடை"தான் இவர்கள் காதில் "வேலை". இவர்களுடைய "வேலை"தான் நம் காதில் "நடை".

இது தெரிந்தால் மீதி விளங்கிவிடும். நைனா என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னதை வைத்து எழுதுகிறேன். அதிகாரி இளைஞராம், கத்திப் பேசவில்லையாம்.

எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். மகளையும் பேத்தியையும் பார்க்க என்று நைனா சொன்னார். அடுத்து, இங்கே இருக்கும்போது வேலை ஏதாவது செய்வீர்களா என்று அந்த அதிகாரி கேட்டார். நைனா காதில் "வாக்" என்று விழுந்தது. அடடா, உடம்பைப் பற்றிக்கூட விசாரிக்கிறாரே என்று சந்தோஷம் வேறு.

"யெஸ் சார். டெய்லி. மார்னிங் ஒன் அவர், ஈவினிங் ஒன் அவர்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "எங்கே?"

"பார்க் சார். நியர் டாட்டர் ஹவுஸ்."

"யார் ஏற்பாடு?"

"டாக்டர் சார். ஹார்ட் டாக்டர். கம்பல்சரி."

"பணம் தருவார்களா?"

இதற்கு நைனா சிரித்தே விட்டாராம். "நோ மணி சார். ஆல் ஆர் ஃப்ரீ."

பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மேலாகவே மாமிடி தாண்ட்ரா பொட்டலம் இருந்தது. மாம்பழச் சாற்றைப் பாய்போலக் காயவைத்த அந்த இனிப்பு என் மகளுக்குப் பிடிக்கும். அதற்குக் கீழே, நான் பணம் அனுப்பிச் சித்தூரில் வாங்கிய கேன்வாஸ் ஷூ. இது என்ன என்று கேட்டதற்கு "வாக்கிங் ஷூஸ் சார்" என்றார். ஒருவர் அதைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டார். ஆதாரம் கிடைத்துவிட்டது.

அன்று சனிக்கிழமை. எங்கள் பக்கத்தில் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டவர்கள் சனிக்கிழமை கவிச்சி தொடமாட்டார்கள். அவருக்குக் கொடுத்தது கோழி வைத்த சாண்ட்விச். பிரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார். தண்ணீர் மட்டும் குடித்தார். பத்து விரலிலும் ரேகை எடுத்தார்கள். பாய்லர் பரீட்சை பாஸ் பண்ணிய மனிதர், தன் பெயரை மூன்று மொழியில் எழுதத் தெரிந்தவர்.

வெளியே நானும் என் கணவர் பிரபுவும் மகள் தேஜுவும் காத்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது மணி நேரத்தில் என் போன் அடித்தது. "உங்கள் தந்தை இங்கே வேலை செய்யும் எண்ணத்தோடு வந்திருக்கிறாரா?" என்று ஒரு குரல் கேட்டது. இல்லவே இல்லை என்றேன். "அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். யாராவது மிரட்டினார்களா, அடித்தார்களா என்றெல்லாம் ஓடியது மனம். இப்படி ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டிருப்பார் என்று எனக்கு உறைக்கவே இல்லை. அவர் வெளியே வந்து, காரில் உட்கார்ந்து, "இன்னாம்மா இது, நடக்கறது இந்த ஊர்ல தப்பா?" என்று கேட்டபோதுதான் உறைத்தது.

பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு, வியாழக்கிழமை மறுபடி விசாரணைக்கு வரவேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டிருந்தார்கள். அன்று முடிவாகும். ஒன்று இருக்கலாம், அல்லது அடுத்த விமானத்தில் திரும்பிப் போகவேண்டும்.

4

நடுவில் இருந்த நான்கு நாளை என்னால் மறக்க முடியவில்லை.

தேஜுவுக்குப் பன்னிரண்டு வயது. இங்கேயே பிறந்தவள். தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். நடந்ததை நான் விளக்கியதும் அவள் சட்டென்று சொன்னாள், "அப்படின்னா தாத்தா தப்பா சொல்லியிருக்கார். அவருக்குச் சரியா சொல்லக் கத்துக்குடுத்தா முடிஞ்சது."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க, சாப்பாட்டு மேஜையில் தாத்தாவை எதிரே உட்காரவைத்து, "வோக், வோக், உதட்டைக் குவிங்க தாத்தா" என்று சொல்லிக்கொடுத்தாள். அவர் குவித்தார். "வோக்கு" என்று வந்தது. அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். திங்கட்கிழமை காலை குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே குழாய்ச் சத்தத்துக்கு நடுவில் அவர் தனியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். "வோக். வொர்க். வோக். வாக்." நான் துவாலையைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றேன். கதவைத் தட்ட முடியவில்லை.

அன்று சாயந்திரம் தேஜுவிடம் வெடித்துவிட்டேன். "இனிமே தாத்தாவுக்கு ஒண்ணும் சொல்லித்தராதே!" என்று கத்தினேன். அவள் முகம் சுண்டிப்போனது. "நான் உதவிதானே பண்றேன்?" என்றாள். உண்மைதான். என் கோபம் அவள்மேல் இல்லை, என்மேல்தான்.

ஏனென்றால் ஆர் எழுத்தை நானும் விழுங்கிவிட்டவள். திருப்பதியில் ஆய்வகத் தொழில்நுட்பம் படித்தபோது சாயந்திரங்களில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போவேன். அந்த ஆசிரியர் ஸ்கேலால் மேஜையைத் தட்டுவார். "வர்க் அனு, ஆர் வினபடாலி!" வர்க் என்று சொல்லும்போது ஆர் காதில் கேட்கவேண்டுமாம். அதே திருப்பதியில் என் தெலுங்கைக் கேட்டு "அரவ பிள்ள" என்று சிரித்தார்கள். அரவம் என்றால் அவர்கள் வாயில் தமிழ். வேலூரில் என் தமிழைக் கேட்டு, "நீங்க ஆந்திராவா?" என்றார்கள். இங்கே வந்த முதல் மாதம், ஆய்வகத்தில் "வொர்க் லிஸ்ட்" என்று நான் சொன்னதை ஒருத்தி என் முன்னாலேயே என்னைப்போலவே சொல்லிக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆறே மாதத்தில் அந்த எழுத்து என் வாயிலிருந்து போய்விட்டது. போகிற இடத்திலெல்லாம் நாம்தான் வாயை மாற்றிக்கொள்ள வேண்டும். காதை மாற்றிக்கொள்ள ஒருத்தரும் கிடையாது.

அந்த நான்கு நாளும் நைனா நடக்கப் போகவில்லை. வீட்டுக்கு எதிரேதான் பூங்கா. ஜன்னல் வழியாகத் தெரியும். "போய்ட்டு வா நைனா, டாக்டர் சொல்லிக்கீறார் இல்ல" என்றேன்.

"வேணாம்மா. கேஸ் முடியட்டும். நா நடந்துக்கினு இருக்கறதப் பாத்துட்டு, பாரு வேல செய்றான்னு எழுதிக்கப் போறானுங்க."

5

வியாழக்கிழமை வேறு அதிகாரி. நடுவயதுப் பெண். நான் பின்னால் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது என்றார். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார். ஆனால் போனில் அவர் கிடைக்க இரண்டு மணி நேரமாகும் என்றார். நைனா, "நோ நீட் மேடம்" என்றார்.

அதிகாரி நேராக விஷயத்துக்கு வந்தார். அதே கேள்வி. அதே, ஆர் இல்லாத சொல்.

நைனாவின் உதடு மெல்லக் குவிவதைப் பார்த்தேன். தேஜு சொல்லித்தந்ததைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"மேடம், ஸ்பெல்லிங் ப்ளீஸ்."

"என்ன?"

"தட் வேர்டு. ஸ்பெல்லிங் ப்ளீஸ், மேடம்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். நைனா கூடவே உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். டபிள்யூ, ஓ, ஆர், கே.

"வொர்க்!" என்றார் நைனா. அந்த ஆர் அறை முழுக்கக் கேட்டது. "நோ மேடம். நோ வொர்க். ஐ ஆம் ரிடையர்டு. டபிள்யூ, ஏ, எல், கே. வாக்." பேனாவை வைத்துவிட்டு, இரண்டு விரலை மேஜைமேல் காலாக ஊன்றி, அந்த அம்மாளின் கோப்பு வரைக்கும் நடத்திக் காட்டினார்.

அதிகாரியின் முகம் கழுத்திலிருந்து சிவந்துகொண்டு வந்தது. கோப்பைத் திறந்து இரண்டாம் பக்கத்தைப் படித்தார். "காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம்" என்று முணுமுணுத்தார். "ஷூ" என்றார். அவ்வளவுதான். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது.

வெளியே வந்ததும், எப்படி நைனா தோன்றியது என்று கேட்டேன். "இதுல இன்னா கீது? பாய்லர் ஓடிக்கினு இருக்கும், ஆபீஸ்லேர்ந்து போன் வரும், அந்தச் சத்தத்துல ஒண்ணும் வெளங்காது. தப்பா கேட்டுக்கினு வால்வத் திறந்தா நாலு பேரு சாவான். ஸ்பெல்லிங் கேக்காம நா கைய வச்சதே இல்ல. அன்னிக்கு அந்தப் பையன் நல்லா விசாரிக்கறான்னு நெனச்சி ஏமாந்துட்டேன்."

கவனியுங்கள். பெரிய படிப்பில்லாத ஒரு தொழிலாளி, நாலு உயிர் போகுமே என்று ஒரு சொல்லை இரண்டு தடவை கேட்டுச் சரிபார்ப்பார். படித்து, சீருடை போட்டு, ஒரு மனிதனை நாட்டைவிட்டு அனுப்பும் அதிகாரம் உள்ளவருக்கு, "நீங்கள் சொல்வது எந்தச் சொல்?" என்று கேட்கத் தோன்றவில்லை. பாஸ்போர்ட்டை நீட்டி, "உங்கள் விடுமுறையை நன்றாகக் கழியுங்கள்" என்றார்கள். மன்னிப்பு என்ற சொல்லை யாரும் சரியாகவும் உச்சரிக்கவில்லை, தப்பாகவும் உச்சரிக்கவில்லை.

6

அதற்குப் பிறகு அவர் நாற்பத்தோரு நாள் இருந்தார். நடந்தார். ஆனால் பாஸ்போர்ட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைக்குள் தொங்கவிட்டுக்கொண்டுதான் பூங்காவுக்குப் போவார். சித்தூர் மைதானத்தில் தெரியாதவர்களையும் நிறுத்தி வைத்துப் பேசுகிறவர், இங்கே நாயோடு வருகிறவர்கள் வணக்கம் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவார். ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடப் பேசவில்லை. கடையில் பால் வாங்கக்கூடத் தேஜு பேசவேண்டியிருந்தது.

"உள்ள விட்டுட்டாங்க இல்ல, விடு" என்றார் பிரபு. நான் விடவில்லை. அடுத்த தடவை விசாவுக்கு எழுதும்போது, எப்போதாவது எல்லையில் தடுக்கப்பட்டீர்களா என்று படிவம் கேட்கும். ஆமாம் என்றுதான் அவர் எழுதவேண்டும். ஏன் என்று பார்க்கிறவர்கள் இந்த இரண்டாம் பக்கத்தைப் பார்ப்பார்கள். அதனால்தான் எட்டு மாதம் எழுதினேன். பதிவைக் கொடுங்கள், அதில் உள்ள தப்பைத் திருத்துங்கள் என்று கேட்டேன்.

பதிவைக் கொடுத்துவிட்டார்கள். கூடவே ஒரு கடிதமும் வைத்திருந்தார்கள். அதன் சாரம் இது: அதிகாரி தம் காதில் விழுந்ததை அப்படியே பதிவு செய்திருக்கிறார், ஆகவே பதிவில் தவறு எதுவும் இல்லை, பயணியின் ஆங்கிலம் போதாததே குழப்பத்துக்குக் காரணம். பயணி விரும்பினால் ஒரு பக்கத்துக்கு மிகாமல் தம் விளக்கத்தை எழுதி அனுப்பலாம், அது பதிவோடு இணைத்து வைக்கப்படும்.

சனிக்கிழமை காலை சித்தூருக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். "இன்னாது, டாக்டரு வேல செய்யச் சொன்னாரா?" என்று முதலில் சிரித்தார். பக்கத்திலிருந்து அம்மா, "இந்த மனுசன் ஊட்ல ஒரு கொடம் தண்ணி தூக்கினது இல்ல, அங்க போயி வேல செய்றாராமா?" என்று குரல் கொடுத்தாள். பயணியின் ஆங்கிலம் போதாது என்ற வரி வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒரு பக்கம் குடுக்கறாங்க இல்ல? நீ எழுதாத. நானே எழுதறேன்."

இரண்டு மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. கோடு போட்ட தாள். ஆங்கிலத்தில், எல்லாம் பெரிய எழுத்தில். தமிழில் இது:

"நான் ஓய்வு பெற்ற பாய்லர் ஆபரேட்டர். என் மகள் ஊரில் நாற்பத்தோரு நாள் நடந்தேன். வேலை செய்யவில்லை. உங்கள் அதிகாரி ஆர் இல்லாமல் கேட்டார். ஆர் இல்லாத சொல்லுக்கு நான் பதில் சொன்னேன். என் பதில் சரி. கேள்விதான் தவறு. இனி வருகிறவர்களிடம் ஆர் போட்டுக் கேட்கவும்."

கடைசி வரியை எடுத்துவிடலாம், அது அவர்களைச் சீண்டுவதுபோல இருக்கிறது என்றார் பிரபு. தேஜு படத்தை வாங்கிக்கொண்டு போய் அச்செடுத்து வந்தாள். ஒரு எழுத்தையும் மாற்றாமல் திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, நைனாவுக்குச் சொன்னேன். அடுத்த வருஷம் வருகிறாயா என்றும் கேட்டேன். அம்மாவையும் எப்படியாவது கிளப்பிக்கொண்டு வா என்றேன்.

"மொதல்ல அதத் திருத்தட்டும்மா. அப்பறம் வரேன்."

திருத்த மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த கடிதத்தை எழுத ஆரம்பித்துவிட்டேன்.